மீளவிடாத கலங்கல்

2019 பிப்ரவரித் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் பத்து நாளைக்குள் 1,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ராஸ் ஆற்று அணையின் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். தாழ்வான குடியிருப்புகளில் வீடுவீடாகத் தண்ணீர் புகுந்தது. மழை ஓய்ந்து மேகம் விலகிய பிறகு வந்த செயற்கைக்கோள் படங்கள் கடல் ஆய்வாளர்களைக் கவலைகொள்ள வைத்தன. பர்டெக்கின் ஆறும் அக்கம்பக்கத்து ஆறுகளும் கடலில் தள்ளிய கலங்கல், வழக்கம்போல் கரையை ஒட்டி நிற்காமல், ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கும் வெளிப்பாறைகள் வரை போய்ச் சேர்ந்திருந்தது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் தெளிந்த நீர்ப் பகுதி என்று எண்ணியிருந்த இடம் அது.

இதைப் பார்த்ததும் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. வெள்ளம் என்ன புதிதா? குயின்ஸ்லாந்து கரையில் புயலும் பெருமழையும் மனிதன் அங்கே மாடு மேய்ப்பதற்கு முன்பும் இருந்தவைதான். பவளங்கள் அவற்றுக்கு நடுவேதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்தன. அப்படியிருக்க, இன்றைய வெள்ளத்தை மட்டும் ஏன் ஆபத்து என்கிறோம்? கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது: வெள்ளநீர் பவளத்தைக் கொல்லும்; அது பழைய கதை. அந்த நீரில் இப்போது வரும் மண்ணும் உரமும் மருந்தும், செத்த இடத்தில் புதுப் பவளம் முளைக்கவிடாமல் செய்கின்றன. எத்தனை பவளம் செத்தது என்பதோடு நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். எத்தனை ஆண்டில் மீண்டது என்பதுதான் நோயைக் காட்டும் எண்.

முதலில் வெறும் நன்னீர் என்ன செய்யும் என்று பார்ப்போம். கடல்நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். பவளத்தின் உடல் அந்த அளவுக்குப் பழகியது. 1990 டிசம்பரில் வந்த ஜாய் புயலுக்குப் பிறகு ஃபிட்ஸ்ராய் ஆறு பெருகி, 1991 ஜனவரியில் ராக்ஹாம்ப்டன் நகரில் 9.3 மீட்டர் உயரம் தொட்டது. அந்த நீர் கெப்பல் தீவுகளைச் சூழ்ந்து கடலின் மேல் ஒரு படலமாகப் படர்ந்தது. நன்னீர் இலேசானது, உப்புநீரின்மேல் மிதக்கும். ஆகவே ஆழம் குறைந்த பாறைகளில் ஏறக்குறைய 85 சதவீதப் பவளம் மடிந்தது, சற்றுக் கீழே இருந்தவை தப்பின. 2011 ஜனவரியில் அதே ஆறு 9.2 மீட்டர் எழுந்தபோது மறுபடி அதே தீவுகளில் அழிவு. அந்த வெள்ளத்தைக் கொண்டு ஆய்வாளர்கள் அக்ரோபோரா வகைக் கொம்புப் பவளங்களின் தாங்கும் எல்லையைக் கணக்கிட்டார்கள்: உப்பு 22 கிராமுக்கு இறங்கினால் மூன்று நாள், 28 கிராமில் நின்றால் பதினாறு நாள். அதற்குமேல் தாங்காது.

இதில் மனிதனைக் குறைசொல்ல அதிகம் இல்லை. மழை பெய்தது, ஆறு பெருகியது, பவளம் செத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. முடியவில்லை என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய இடம் ஆஸ்திரேலியாவில் இல்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் ஓவாஹூ தீவில் இருக்கிறது.

அங்கே கானியோஹே என்றொரு விரிகுடா. 1965இல் பெருவெள்ளம் வந்து ஆழமற்ற பாறைகளில் இருந்த பவளத்தைக் கொன்றது. அந்தக் காலத்தில் ஊரின் சாக்கடை நீர் விரிகுடாவில்தான் விழுந்துகொண்டிருந்தது. செத்த பவளம் மீளவில்லை. ஆண்டுகள் ஓடின, பாறை பாசி மூடியே கிடந்தது. 1970களின் கடைசியில் சாக்கடையை விரிகுடாவுக்கு வெளியே ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். அதன்பிறகே பவளம் தலையெடுத்தது. பிறகு 1987 டிசம்பர் 31 இரவு மறுபடி ஒரு பெருமழை. விரிகுடாவின் மேல்நீரில் உப்பு 15 கிராமுக்கு இறங்கியது. தெற்கிலும் மேற்கிலும் ஒன்றிரண்டு மீட்டர் ஆழம்வரை ஏறக்குறைய எல்லாப் பவளமும் போனது. இரண்டு வாரத்தில் நுண்பாசி பெருகி நீர் பச்சையாயிற்று. இரண்டு மூன்று மாதத்தில் தெளிந்துவிட்டது. இந்த முறை பாறை விரைவாக மீண்டது. வெளியே செத்தது போலத் தெரிந்த போரைட்டிஸ் பவளத்தின் எலும்புத் துளைகளுக்குள் ஒளிந்திருந்த திசுவிலிருந்தே புது உயிர் பரவியது.

ஒரே விரிகுடா, ஒரே வகைப் பவளம், ஒரே மாதிரி வெள்ளம். இடையில் மாறியது நீரின் தூய்மை மட்டும். இயற்கையே நடத்திக்காட்டிய சோதனை இது. பால் ஜோக்கியலும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டியது என்பது என் கருத்து. பவளத்திட்டு பற்றிய எந்தக் கொள்கை விவாதமும் அங்கிருந்து தொடங்கலாம்.

இனி பெருந்தடுப்புத் திட்டுக்கு வருவோம். 2,300 கி.மீ. நீளம், 3,44,400 சதுர கி.மீ. பரப்பு, ஏறக்குறைய 3,000 பாறைத்திட்டுகள். 1981இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் முகப்பில் 35 ஆற்றுப்படுகைகள், மொத்தம் 4,24,000 சதுர கி.மீ. நிலம். பர்டெக்கின் படுகை மட்டுமே நம் தமிழ்நாட்டின் பரப்பு இருக்கும். ஃபிட்ஸ்ராய் அதைவிடப் பெரிது. இந்த நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாட்டு மேய்ச்சல். கரும்பு, கரையோரமாக ஒரு சிறு விகிதம்தான். எனினும் உரத்துக்கும் களைக்கொல்லிக்கும் முதல் பொறுப்பு கரும்புக்கு. மண்ணுக்கு முதல் பொறுப்பு மேய்ச்சலுக்கு. வெள்ளமாசு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது இரண்டு வெவ்வேறு நிலங்களிலிருந்து, இரண்டு வெவ்வேறு காரணங்களால் வருவது.

மண்வரத்து கூடியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? நூறு நூற்றைம்பது ஆண்டுக்கு முன் யாரும் ஆற்றுநீரை அளந்து வைக்கவில்லை. அளந்து வைத்தது பவளமே. போரைட்டிஸ் பவளம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்று மெதுவாக வளரும். சில, ஒரு சிறு வீட்டின் அளவுக்கு உருண்டு திரண்டிருக்கும். அதில் துளையிட்டு நீளமான தண்டு ஒன்றை எடுத்து, மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ்ரே பிடித்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். அதே பலகையை இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் வேறொரு கோலம் வரும்: மங்கிய எலும்பில் மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு மழைக்காலம். ஆறு பெரிதாக வந்த ஆண்டில் கோடு அகலமாகவும் பிரகாசமாகவும் இருக்கும். வறண்ட ஆண்டில் ஒன்றுமே இருக்காது. ஆஸ்திரேலியக் கடலறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஐஸ்டேல் 1984இல் இதைக் கண்டு எழுதினார். ஆற்றின் நாட்குறிப்பு கடலுக்குள் கல்லாகக் கிடந்தது.

அந்தக் கோடுகள் வெள்ளம் வந்ததைச் சொல்லும். அது என்ன கொண்டுவந்தது என்பதைச் சொல்லப் பேரியம் வேண்டியிருந்தது. ஆற்றின் களிமண் துகளில் பேரியம் ஒட்டியிருக்கும். துகள் உப்புநீரைத் தொட்டதும் பேரியம் பிரிந்து நீரில் கரையும். பவளம் அதைச் சுண்ணாம்போடு சேர்த்து எலும்பில் கட்டிவிடும். மால்கம் மக்கல்லக்கும் குழுவினரும் பர்டெக்கின் நீர் எட்டும் ஹவானா பாறையின் பவளத்தண்டை லேசரால் வருடி, 1750 வாக்கிலிருந்து வரும் பதிவைப் படித்து 2003இல் வெளியிட்டார்கள். 1870க்கு முன்னும் பெருவெள்ளங்கள் வந்திருக்கின்றன. ஒளிக்கோடுகள் அதற்குச் சாட்சி. ஆனால் பேரியம் சிறிதும் துள்ளவில்லை. 1870க்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கூர்முனை. மண்வரத்து ஐந்திலிருந்து பத்து மடங்கு கூடியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பர்டெக்கின் சமவெளியில் ஆடுமாடுகளோடு குடியேறிகள் நுழைந்தது 1860களில். பேரியம் எல்லாப் பவளத்திலும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிறகு வந்த ஆய்வுகளில் சில தண்டுகள் குழப்பமான பதிவே தந்தன. ஆனாலும் ஆற்றில் எடுத்த அளவீடுகளும் மண்ணரிப்புக் கணக்குகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு காலத்தில் தவறான எண்ணம் இருந்தது. புல் அழிந்த தரையில் மழை விழுந்து மேல்மண் அலசப்படுவதாக நினைத்தார்கள். மண்ணின் மூலத்தைக் கண்டறியும் ஆய்வுகள் பெரும்பங்கு மண் அடிமண்தான் என்று காட்டின: ஓடையரிப்பால் விழுந்த பள்ளங்களும் இடிந்த ஆற்றங்கரைகளும்தான் தாயகம். அந்நிலத்தின் அடிமண்ணில் சோடியம் அதிகம். மேலே புல்லும் வேரும் மூடியிருக்கும்வரை அது அசையாது. வறண்ட மாதங்களில் மாடுகள் ஆற்றங்கரைப் புல்லை அடிவரை மேய்ந்து, ஒரே தடத்தில் நடந்து நடந்து கீறல் விட்டதும், முதல் மழை அந்தக் கீறலில் இறங்குகிறது. அடிமண் தண்ணீர் பட்டவுடன் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொதபொதத்து உதிர்கிறது. பள்ளத்தின் தலைப்பகுதி ஒவ்வொரு மழைக்கும் மேட்டை நோக்கிப் பின்வாங்குகிறது. நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் வெள்ளம்தான் அதிக மண் சுமப்பது. புல் இல்லாத நிலம் அப்போது முழுசாகத் திறந்துகிடக்கும்.

கடலில் சேர்ந்த மண்ணெல்லாம் பவளத்தை எட்டுவதில்லை. மணலும் கனத்த வண்டலும் முகத்துவாரத்தை ஒட்டிச் சில கிலோமீட்டருக்குள் படிந்துவிடும். தொலைவு போவது 16 மைக்ரானுக்கும் குறைந்த நுண்களி. அது தனியாகப் போவதும் இல்லை. நுண்பாசியின் பிசினும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைப் பஞ்சுபஞ்சான திரளாக்குகின்றன. இந்த ஒட்டும் சேறு பவளத்தின்மேல் விழுந்தால் எளிதில் உதறமுடியாது. ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில் முக்கியம். அங்ககப்பொருள் மிகுந்த சேறு மூடிய பவளத் திசு ஒரே நாளில் அழுகத் தொடங்கியது. அதே அளவு வெறும் மண் மூடிய பவளம் நாட்கணக்கில் தாங்கியது. சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் தின்று பெருகும்போது ஆக்சிஜன் தீர்கிறது, அமிலம் ஏறுகிறது, பிறகு ஹைட்ரஜன் சல்பைடு. மண்ணின் எடையைவிட அதில் கலந்திருக்கும் சத்துதான் ஆளைக் கொல்கிறது. உரமும் மண்ணும் தனித்தனிக் குற்றவாளிகள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

காலமும் பவளத்துக்கு எதிராக இருக்கிறது. பெருந்தடுப்புத் திட்டில் பவளங்கள் கூட்டமாக முட்டையிடுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் முழுநிலவுகளுக்குப் பிந்தைய சில இரவுகளில். முட்டையிலிருந்து வந்த குஞ்சு, குண்டூசித் தலையளவு, சில நாள் மிதந்துவிட்டுச் சுத்தமான கல் தேடி ஒட்டும். சுண்ணாம்புப் பாசி படர்ந்த இளஞ்சிவப்புக் கல் என்றால் அதற்கு மிகவும் பிடிக்கும். கல்லின்மேல் மெல்லிய வண்டல் தூசு இருந்தாலே போதும், ஒட்டாது. ஒட்டிய குஞ்சுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வெள்ளம் வருகிறது. வளர்ந்த பவளம் கோழை சுரந்து சேற்றைத் தள்ளிவிடும்; மில்லிமீட்டர் உயரக் குஞ்சுக்கு அந்தப் பலம் இல்லை. கலங்கல் ஒரு வாரத்தில் தெளிந்ததாகச் செய்தி வரும். அந்த ஆண்டின் பிள்ளைகள் போயிருப்பார்கள். அது எந்தச் செய்தியிலும் வராது.

பழுப்பு நீரைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அதற்கு அப்பால், மண் படிந்து வெளிச்சம் புகத் தொடங்கும் இடத்தில், சில நாள் கழித்துப் பச்சை நீர் தோன்றும். கரைந்த நைட்ரஜனை உண்டு நுண்பாசி பெருகும் பகுதி அது. டல்லி, ஜான்ஸ்டன், ஹெர்பர்ட் ஆறுகளின் கரும்புச் சமவெளிகளிலிருந்து பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியா அங்கே போய்ச் சேர்கிறது. அந்தப் பச்சையைத் தின்று வளர்வதுதான் முட்கிரீட நட்சத்திர மீனின் குஞ்சு. ஒரு தாய் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். சாதாரணத் தெளிந்த நீரில் ஏறக்குறைய எல்லாமே பட்டினியில் போகும். உணவு சற்றுக் கூடினாலும் பிழைக்கும் எண்ணிக்கை பல மடங்கு தாவும் என்று கத்தரீனா ஃபாப்ரிசியஸ் குழுவினர் 2010இல் காட்டினார்கள். வளர்ந்த ஒன்று ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து சதுர மீட்டர் பவளத்தைத் தின்றுவிடும். 1962, 1979, 1993, 2010 என்று நான்கு பெருக்கங்கள் பதிவாகியுள்ளன. 1985க்கும் 2012க்கும் இடையே திட்டின் பவளப் பரப்பு 28 சதவீதத்திலிருந்து 13.8 சதவீதமாகச் சரிந்தபோது, அந்த இழப்பில் 48 சதவீதம் புயலுக்கும், 42 சதவீதம் இந்த நட்சத்திர மீனுக்கும், 10 சதவீதம் கடல் சூட்டால் வரும் வெளிறலுக்கும் பங்கிட்டது ஒரு புகழ்பெற்ற கணக்கு. உரம் ஒன்றே காரணமா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. இந்தக் குஞ்சு குறைந்த உணவிலும் பிழைக்கும் என்கிறார்கள் சிலர். அதைத் தின்னும் மீன்களைப் பிடித்துத் தீர்த்ததைச் சொல்கிறார்கள் வேறு சிலர். உரம் மட்டுமே பெருக்கத்தை மூட்டுகிறது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்; மூண்டதற்கு எண்ணெய் ஊற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

களைக்கொல்லி பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பில் அடிக்கும் டையூரான், களையின் ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் மருந்து. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசியும் ஒளிச்சேர்க்கையால்தான் வாழ்கிறது. மருந்துக்கு இரண்டும் ஒன்றே.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. கரையோரக் கடலடியில் ஆயிரக்கணக்கான ஆண்டு வண்டல் ஏற்கெனவே தடித்துக் கிடக்கிறது; காற்றடித்தால் அலை அதைக் கிளறிக் கலக்குகிறது; ஆறு புதிதாகக் கொட்டுவது அதன் முன் சிறுதுளி என்றார்கள் பியர்ஸ் லார்கோம், பீட்டர் ரிட் போன்றோர். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஹாலிஃபாக்ஸ் விரிகுடாவின் பலூமா திட்டு எப்போதும் கலங்கிய நீரில்தான் இருக்கிறது, நன்றாகவே வளர்கிறது. ஆனால் பத்தாண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை அலை, காற்று, ஓதம் இவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்த ஆய்வு, பர்டெக்கின் பெருகிய ஆண்டுகளில் நடுத்திட்டின் நீர் மாதக்கணக்கில் மங்கலாகவே இருப்பதைக் கண்டது. புதிதாக வரும் நுண்களி இலகுவானது, திரும்பத் திரும்பக் கிளறப்படுவது. பழைய கெட்டியான அடிவண்டலும் அதுவும் ஒன்றாகா.

இதைவிடக் கனமான எதிர்வாதம் 2016இல் வந்தது. அந்தக் கோடையில் வெளிறல் மிகக் கொடியதாக இருந்தது வடக்கே, விவசாயமே குறைந்த, நீர் மிகத் தெளிந்த பகுதியில். டெரி ஹியூஸும் குழுவினரும் நீரின் தூய்மை வெளிறலின் கடுமையைக் கிட்டத்தட்டக் குறைக்கவே இல்லை என்று எழுதினார்கள். கடல் கொதிக்கும்போது தூய நீர் கேடயம் ஆகாது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்து வெளிறல்கள் வந்தபிறகு, ஆற்றைச் சுத்தம் செய்து திட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று பேசுவோர் மக்களை ஏமாற்றுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் கானியோஹே காட்டியதைக் கொண்டு இதைப் பாருங்கள். வெளிறல்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி இப்போது ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுதான். அந்தக் குறுகிய அவகாசத்துக்குள் பவளம் மீண்டாக வேண்டும். 2006இல் வெளிறிய கெப்பல் தீவுப் பவளங்கள், பாசி மூடிய பிறகும், எஞ்சிய திசுவைக் கொண்டு ஓராண்டுக்குள் எழுந்துவந்தன. அப்படி எழும் வலு அவற்றுக்கு உண்டு. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலின் வெள்ளம் வடகரையைப் புரட்டிப் போட்டது. சில வாரத்திலேயே வெப்ப அலை வந்து 2024 வெளிறல் தொடங்கியது. முன்பு வேறு வேறு ஆண்டுகளில் வந்த அடிகள் இப்போது ஒரே கோடையில் விழுகின்றன.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. 2003இல் வந்த முதல் திட்டம் பத்தாண்டில் நீர்த்தரச் சரிவை நிறுத்தித் திருப்புவதாகச் சொன்னது. பிறகு 2025க்குள் மனிதனால் கூடிய கரைந்த நைட்ரஜனில் 60 சதவீதமும் நுண்மண்ணில் 25 சதவீதமும் குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள். எட்டவில்லை. 2016இல் குயின்ஸ்லாந்து அரசு அமைத்த பணிக்குழுவுக்காகச் செய்த மதிப்பீடு, இலக்கை எட்ட 820 கோடி ஆஸ்திரேலிய டாலர் வேண்டும் என்றது. அதே ஆண்டு அரசு நார்மன்பி படுகையில் ஸ்பிரிங்வேல் என்ற 56,000 ஹெக்டேர் மாட்டுப்பண்ணையை 70 லட்சம் டாலருக்கு வாங்கி மாடுகளை வெளியேற்றியது. ஒரே பண்ணையின் பள்ளங்கள் அவ்வளவு மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். பள்ளத்தின் செங்குத்துச் சுவர்களை இயந்திரத்தால் சரித்து, சோடிய மண்ணில் ஜிப்சம் கலந்து, மேலே கல்லும் வைக்கோலும் போட்டு, புல் விதைத்து, மாட்டை வேலி கட்டித் தடுத்தால் அந்தப் பள்ளத்தின் மண் அடுத்த மழையிலேயே நின்றுபோகிறது. செலவு அதிகம், ஆயிரக்கணக்கான பள்ளங்கள் இருக்கின்றன. ஆனால் மண்ணில் பெரும்பங்கைக் கொடுப்பவை அவற்றில் சிலவே. பணத்தை எல்லா ஊருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்காமல் அந்தச் சிலவற்றைத் தேடிப்போய்க் கொட்டவேண்டும். கரும்பில் வேலை வேறு மாதிரி: யூரியாவைக் குறைத்து, மழைக்கு முன் போடாமல் மண்ணுக்குள் புதைத்து இடுவது. விளைச்சல் குறையுமோ என்ற விவசாயியின் பயத்துக்கு அரசு ஈடு கொடுத்தால் ஒழிய அது நடக்காது. சட்டம் மட்டும் போட்டுப் பார்த்ததில் பகைதான் வளர்ந்தது.

மன்னார் வளைகுடாவுக்கும் இதில் பாடம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம்வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்களும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. கரைக்கும் அவற்றுக்கும் இடையே பெரும்பாலும் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பர்டெக்கின் கலங்கல் போல அறுபது கிலோமீட்டர் ஓட வேண்டிய அவசியமே நம் ஆற்றுநீருக்குக் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாக அந்தக் கடலில்தான் விழுந்தது. ஊர்களின் சாக்கடையும் வயல்களின் உரமும் அதோடு போயின. 2010, 2016 வெளிறல்களில் அடிவாங்கிய பவளங்கள் அவை. அங்கே ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் பிறகு முகத்துவாரத்திலிருந்து தீவுகள்வரை வரிசையாக நைட்ரஜனும் மிதக்கும் மண்ணும் அளக்க வேண்டும். அதே பார்களில் சிறு ஓடுகளைப் பதித்து, மார்ச்சில் முட்டையிட்ட பவளத்தின் குஞ்சுகள் அந்த ஆண்டு எத்தனை ஒட்டின, அடுத்த மழைக்குப் பின் எத்தனை மிஞ்சின என்று எண்ண வேண்டும். வெள்ளத்தில் செத்த பவளத்தை எண்ணுவதைவிட முக்கியமான வேலை அது.